காயலான் கடையிலிருந்து ஒரு முழு மிதவை அச்சு

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வேலைவாய்ப்பு பற்றிப் பேசுங்களேன்" என்றுதான் செயலாளர் முதலில் கேட்டார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் பேசப்போவது ஒரு ஜீப்பின் பின்பக்க அச்சைப் பற்றி. களக்காட்டுப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்துக்காகப் பழைய சாமான்களைக் கொண்டு நாங்கள் கட்டிய அச்சு அது. சிவில் படித்தவர்கள், கம்ப்யூட்டர் படித்தவர்கள் தூங்கிவிட வேண்டாம். மாட்டு வண்டி பார்த்தவர்களுக்கெல்லாம் இது புரியும்.

மாட்டு வண்டியில் இருசு என்று ஒரு இரும்பு உண்டு. அது சுழலாது, வண்டியோடு கட்டிக் கிடக்கும். சக்கரம் மட்டும் அதன் மேல் சுழலும். சக்கரம் வெளியே ஓடிவிடாமல் இருக்கக் கடையாணி. பாரம் தாங்குவது இருசின் வேலை, இழுப்பது மாட்டின் வேலை. இரண்டு வேலையும் தனித்தனி. நம் நெல்லையப்பர் தேரானாலும் இதே கதைதான்: தாங்குகிற இரும்பு வேறு, இழுக்கிற வடம் வேறு.

மோட்டார் வண்டி வந்தபோது ஒரு சிக்கலும் கூடவே வந்தது. எஞ்சினின் முறுக்குவிசை பின் சக்கரத்துக்குப் போகவேண்டும். அதே இடத்தில் பாரத்தையும் தாங்கவேண்டும். செலவையும் எடையையும் குறைக்க, ஒரே தண்டை வைத்து இரண்டு வேலையையும் செய்தார்கள். தண்டின் உள்முனை டிஃபரன்ஷியலில் இருக்கும். வெளிமுனையில் சக்கரமே மாட்டியிருக்கும். நடுவில், ஹவுசிங் குழாயின் வாயில் ஒரு பேரிங். இதற்கு அரை மிதவை என்று பெயர். பின் சக்கரம் இழுக்கும் பழைய கார்கள், சிறிய ஜீப்புகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

லாரியில் அப்படிச் செய்ய முடியாது. அதில் மாட்டு வண்டி முறைக்கே திரும்பிப் போனார்கள். ஹவுசிங் குழாயின் முனை, உள்ளே துளையுள்ள ஒரு இருசாக நீளும். அதன் மேல் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங். பேரிங் மேல் ஹப். ஹப்பில் சக்கரமும் பிரேக் டிரம்மும். கடையாணிக்குப் பதிலாக இரண்டு பூட்டு நட்டுகள். அந்தத் துளை வழியாக ஆக்ஸில் தண்டு போய், வெளியே ஹப்போடு போல்ட் போட்டுச் சேரும். தண்டுக்குச் சுற்றுவது மட்டுமே வேலை. பாரம் ஒரு கிலோகூட அதன்மேல் விழாது. அதனால்தான் முழு மிதவை என்கிறார்கள்.

தேயிலைத் தோட்டம் நடந்த காலத்தில் மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறிய லாரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்டு முறிந்தால் டிரைவர் கவலைப்படமாட்டார். ஹப் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றுவார், முறிந்த தண்டை உருவுவார், புதுத் தண்டைச் செருகுவார். ஜாக்கி போட வேண்டியதில்லை. சக்கரம் தன் இருசில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு செய்தி. இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்துக்குச் செய்த வில்லிஸ் எம்.பி. ஜீப், சின்ன வண்டிதான். ஆனாலும் அதன் பின் அச்சு முழு மிதவை. போர் முடிந்து 1945ல் பொதுமக்களுக்கென்று சி.ஜே. 2ஏ வந்தபோது முதல் சில ஆயிரம் வண்டிகளுக்கு அதே அச்சைப் போட்டார்கள். பிறகு அரை மிதவைக்கு மாறினார்கள். மஹிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டில் பூட்டத் தொடங்கி, பிறகு இங்கேயே தயாரித்த வரலாறு உங்களுக்குத் தெரியும். சாதாரண ஓட்டத்துக்கு அரை மிதவை போதும், அதில் தவறே கிடையாது. ஆனால் சாதாரண ஓட்டம் எல்லா வண்டிக்கும் வாய்ப்பதில்லை.

தோட்டத்தில் நடந்தது

பச்சையாற்றுப் பக்கம் மலையடிவாரத்தில் என் நண்பனுக்கு வாழைத் தோட்டம். நடுவில் ஒரு ஓடை குறுக்கே போகும். தார் வெட்டினால் தோட்டத்துக்குள் ஒரு பழைய ஜீப்பில் ஏற்றி, ஓடையைத் தாண்டி, ரோட்டோரக் கொட்டகையில் இறக்குவார்கள். வண்டிக்கு வயது நாற்பதுக்கு மேல். யார் யாரோ கைவைத்த வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். குற்றம் கம்பெனியுடையதும் இல்லை.

ஒரு நாள் பாரத்தோடு வரப்புச் சரிவில் இறங்கும்போது இடது பின் தண்டு முறிந்தது. முறிந்த இடம் பேரிங்குக்கு வெளியே. அரை மிதவையில் அந்த இடத்தில் முறிந்தால் சக்கரம் டிரம்மோடு சேர்த்துக் கழன்றுவிடும். டிரம் போனால் பிரேக் ஷூ எதன்மேல் அழுத்தும்? மிதித்தவுடன் ஷூ அளவுக்கு மீறி விரிந்து, சிலிண்டர் பிஸ்டன் வெளியே வந்து, பிரேக் ஆயில் முழுதும் கொட்டிவிடும். பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. ஒரு மூலையில் கொட்டினால் நான்கு மூலையிலும் பிரேக் இல்லை. அன்றைக்கு அதுதான் நடந்தது. வண்டி ஓடைக்குள் இறங்கியது. பின்னால் நின்ற இரண்டு பேர் குதித்துவிட்டார்கள். ஓட்டியவருக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கூலிக்கு வேலை செய்கிற மனிதர். மூன்று மாதம் வீட்டில் படுத்திருந்தார்.

முறிந்த முகத்தைக் கழுவி வெயிலில் வைத்துப் பார்த்தோம். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் ஓரத்தில், சாவிப் பள்ளத்தின் மூலையில் தொடங்கி, குளத்தில் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் கோடு கோடாகத் தெரியுமே, அதேபோல் அடுக்கடுக்காகக் கோடுகள். முக்கால்வாசி முகம் பழைய துரு நிறம். மீதிக் கால்வாசிதான் புதிதாக முறிந்த வெள்ளை. அந்தத் தண்டு அன்றைக்கு முறியவில்லை. பல மாதமாக முறிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஹப்பின் டேப்பரும் சாவியும் தேய்ந்து, நட்டு சரியாக இறுகாமல் ஹப் அசைந்திருக்கிறது. எப்போதோ எவரோ அவசரத்தில் மாட்டிவிட்டுப் போன வேலை.

கணக்கு என்ன சொல்லுது?

பின் சக்கரம் ஒன்றின் மேல் பாரம் 450 கிலோ என்று வைப்போம். டயரின் நடுவிலிருந்து பேரிங் வரை 7.5 செ.மீ. அப்படியானால் தண்டை வளைக்கிற திருப்பம் சுமார் 34 கிலோகிராம்-மீட்டர். 30 மி.மீ. தண்டில் அது சதுர மி.மீ.க்கு சுமார் 13 கிலோ அழுத்தம். இது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் சரிவிலோ பள்ளத்திலோ டயரின் அடியில் பக்கவாட்டில் 300 கிலோ தள்ளினால்? டயரின் ஆரம் 36 செ.மீ.; திருப்பம் 108. அழுத்தம் சுமார் 41. சமதரையில் வருவதைப்போல் மூன்று மடங்கு. சாவிப் பள்ளத்தின் கூர் மூலையில் இது இன்னும் பெருகும்.

அதைவிட முக்கியம், இந்த வளைவு ஒரே பக்கம் நிற்பதில்லை. தண்டு சுழல்கிறது, பாரம் மேலிருந்தே வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தண்டின் ஒரே இடம் ஒருமுறை இழுபடும், ஒருமுறை நசுங்கும். இந்த டயருக்கு 1 கி.மீ.க்கு சுமார் 440 சுற்று. 1 லட்சம் கி.மீ.க்கு 4 கோடிக்கு மேல்! கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமே, அதுதான் சத்தமில்லாமல் நடக்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1842 மே 8ஆம் தேதி பிரான்சில் வெர்சாய் நகரிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலில் எஞ்சின் அச்சு முறிந்து தீப்பிடித்துப் பெரும் உயிர்ச்சேதம் ஆனது. நல்ல இரும்பு ஏன் திடீரென்று முறிகிறது என்ற கேள்வி அதன் பிறகு பலரைத் தூங்கவிடவில்லை. ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர், ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிப் பல ஆண்டுகள் சோதனை செய்தார். ஒருமுறை தாங்குகிற பாரத்தைவிட எவ்வளவோ குறைந்த பாரமே, திரும்பத் திரும்ப வந்தால் அச்சை முறிக்கும் என்று காட்டினார். நாம் மூன்றாம் ஆண்டில் வரைகிற சோர்வு வளைகோடு அவர் பெயரில்தான் இருக்கிறது.

முழு மிதவை இந்தப் பிரச்சினையை எப்படித் தீர்க்கிறது? வளைவைச் சுழலாத இருசிடம் கொடுத்துவிடுகிறது. பாரத்தால் இருசின் கீழ்ப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் நசுங்கும். பாரம் கூடிக் குறையும், ஆனால் சுற்றுக்குச் சுற்று தலைகீழாவதில்லை. தண்டுக்கு மிஞ்சுவது முறுக்கு மட்டும். அந்த முறுக்குக்கும் ஒரு எல்லை உண்டு. 12 கிலோகிராம்-மீட்டர் தருகிற எஞ்சின், முதல் கியர் 4, லோ கியர் 2.5, கிரவுன் பினியன் 5.4 என்றால், பெருக்கினால் 648. ஒரு சக்கரத்துக்குப் பாதி, 324. ஆனால் 450 கிலோ பாரமுள்ள டயர், உராய்வு 0.8 என்றால், 130லேயே நழுவிவிடும். டயர்தான் இங்கே ஃபியூஸ். 130க்கு 30 மி.மீ. தண்டில் வரும் முறுக்கழுத்தம் சுமார் 25. நல்ல கலப்பு எஃகு தாராளமாகத் தாங்கும்.

எது பழசு, எது புதுசு?

நண்பன் வண்டியைக் கிலோக் கணக்கில் போட்டுவிடலாம் என்றான். "வண்டியைப் போடலாம், அடுத்த வண்டியும் இதே மாதிரி பழசாத்தானே வாங்குவே?" என்று கேட்டேன். பதில் இல்லை. அப்படித்தான் வேலை ஆரம்பமானது. விடுமுறையில் இருந்த நம் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் சேர்ந்தார்கள். பாளையங்கோட்டையில் நாற்பது வருடமாக லேத் ஓட்டுகிற அண்ணாச்சி ஒருவர் பட்டறையைத் திறந்துவிட்டார்.

பழைய இரும்புக் கடைக்குக் காயலான் கடை என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறார்கள். நம் தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக்கு அருகே இருக்கிற காயல்பட்டினத்துக்காரர்கள் அந்தத் தொழில் செய்ததால் வந்த பெயர் என்பார்கள். சென்னைப் புதுப்பேட்டை போல அவ்வளவு பெரிதில்லை என்றாலும் நம் ஊர்க் காயலான் கடைகளில் தேடினால் கிடைக்கும். நாங்கள் தேடியது பின் அச்சு அல்ல, முன் அச்சு! நான்கு சக்கர இழுவை ஜீப்பின் முன் அச்சை நினைத்துப் பாருங்கள். சக்கரம் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். அதனால் அதில் துளையுள்ள இருசு, இரண்டு டேப்பர் பேரிங், ஹப், போல்ட் போட்ட டிரைவ் ஃபிளாஞ்ச் எல்லாம் ஏற்கெனவே உண்டு. அதாவது முன் சக்கரம் பிறவியிலேயே முழு மிதவை. அந்த இருசையும் ஹப்பையும் பின் ஹவுசிங்கின் இரண்டு முனையிலும் பொருத்திவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. ஐந்து ஸ்டட் அளவும் ஒன்றே என்பதால் ஸ்டெப்னி எந்தச் சக்கரத்துக்கும் பொருந்தும்.

பழைய சாமான் வேலையில் முதல் நாளே இரண்டு பட்டியல் எழுதிவிட வேண்டும். பழசாக இருக்கலாம்: ஹவுசிங், இருசு, ஹப், டிரம், பேக் பிளேட். கட்டாயம் புதிதாக இருக்கவேண்டும்: ஆக்ஸில் தண்டு, பேரிங், ஆயில் சீல், போல்ட் நட்டு, பிரேக் ரப்பர்கள். முதல் பட்டியலில் இருப்பவை தடித்த, கண்ணால் பார்த்துச் சோதிக்கக்கூடிய பொருள்கள். இரண்டாவதில் இருப்பவற்றின் பழைய உழைப்பு கண்ணுக்குத் தெரியாது. எத்தனை கோடிச் சுற்று தின்றிருக்கிறது என்று எந்தத் தண்டும் நம்மிடம் சொல்லாது.

"லாரித் தண்டு ஒண்ணு கிடக்கு, அதைக் கடைஞ்சிருவோமா?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. லாரித் தண்டின் வலுவே அதன் மேல்தோலைக் கடினப்படுத்தியதில்தான் இருக்கிறது. கடைந்தால் அந்தத் தோல் போய்விடும். சூடாக்கி மெதுவாக்கிக் கடைந்தால் மறுபடி பதம் போடவேண்டும். உள்ளே பழைய விரிசல் இருந்தால் பதம் போடும்போதே பிளக்கும். அதற்குப் புது இ.என்.24 கம்பியே மேல். அது நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு. கடைந்து, மில்லிங்கில் இரண்டு முனையிலும் பல் வெட்டி, பதம் போட அனுப்பினோம். தண்டின் நடுப்பாகத்தைப் பல்லின் அடி விட்டத்தைவிடக் கொஞ்சம் மெலிதாகவே விட்டோம். பார்ப்பவர்களுக்குப் பலவீனம்போலத் தெரியும். உண்மையில் அந்த நீளம் முழுதும் ஸ்பிரிங் மாதிரி முறுகி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பல் முடிகிற மூலையில் அது மொத்தமும் விழாது.

பழைய இருசுகளைச் சோதித்தது தனிக் கதை. நான்கு வாங்கினோம். ஒன்றில் உள் பேரிங் உட்காருகிற இடம் நீலமாக இருந்தது. பேரிங் சிக்கிச் சூடேறிய அடையாளம். அதைத் தூக்கிப் போட்டோம். மீதி மூன்றையும் மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசினோம். விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளையில் கோடு போடும். ரயில்வே பட்டறைகளில் அந்தக் காலத்தில் செய்த முறை. ஒன்றில் தோள் வளைவைச் சுற்றி மயிரிழைக் கோடு தெரிந்தது. கண்ணால் பார்த்தபோது நான்கிலும் அழகானது அதுதான்! தேறிய இரண்டையும் சிவப்புச் சாயச் சோதனையும் செய்த பிறகே எடுத்தோம்.

பொருத்திய விதம்

இருசை ஹவுசிங்கோடு நேரடியாக வெல்டிங் செய்யக்கூடாது. அது பதம் போட்ட பொருள், வெல்டிங் சூட்டில் பதம் கெடும். அதனால் தடித்த தகட்டில் ஒரு ஃபிளாஞ்ச் கடைந்து, அதை ஹவுசிங் குழாயின் மேல் ஏற்றி வெல்டிங் செய்து, இருசையும் பிரேக் பேக் பிளேட்டையும் ஆறு உயர்வலு போல்ட்டால் அதில் பூட்டினோம். இருசின் அடிவட்டம் ஃபிளாஞ்சின் குடைவில் இறுக்கமாக உட்காரவேண்டும். பாரத்தை அந்தக் குடைவு தாங்கும். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்தால் போதும்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது நேர்கோடு. இரண்டு இருசும் டிஃபரன்ஷியல் பேரிங் நடுக்கோட்டிலேயே இருக்கவேண்டும். தவறினால் பல் தேயும், சீல் ஒழுகும், டயர் ஒருபக்கம் தின்னும். டிஃபரன்ஷியல் பேரிங் உட்காருகிற இடத்தில் கடைந்த வளையங்களை வைத்து, அதன் வழியாக ஹவுசிங்கின் முழு நீளத்துக்கும் ஒரு நேர்த் தண்டு ஓட்டினோம். ஃபிளாஞ்சுகளை அதில் கோர்த்துப் புள்ளி வெல்டிங் வைத்தோம். நான் வரைபடத்தில் கால் மில்லிமீட்டர் என்று எழுதியிருந்ததை அண்ணாச்சி பார்த்தார்.

"தம்பி, கணக்கெல்லாம் சரிதான். வெல்டு இழுக்கும்லா? அதுக்கு உங்க புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"நீங்க சொல்லுங்க அண்ணாச்சி."

"ஒரு பக்கம் விரக்கடை வச்சா எதிர்ப்பக்கம் விரக்கடை வைக்கணும். கை பொறுக்கிற சூடு ஆறின பெறவுதான் அடுத்தது. அவசரப்பட்டா வாழைக்கா மாதிரி வளைஞ்சிரும் பாத்துக்கிடுங்க."

புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது, ஆனால் இத்தனை அழகாக இல்லை. ஃபிளாஞ்சையும் குழாயையும் முன்கூட்டிச் சூடாக்கி, அடுப்பில் உலர்த்திய குறை ஹைட்ரஜன் ராடுகளை வைத்து, எதிரெதிராக மாற்றி மாற்றி வைத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். ஒரு ஃபிளாஞ்ச் மட்டும் முடிந்தவர் வேலை நேரம் இரண்டு நாள். கடைசியில் வித்தியாசம் நான் எழுதிய அளவுக்குள் நின்றது. தண்டின் நீளத்தை இதற்குப் பிறகுதான் அளந்தோம். முன்னால் அளந்தால் வெல்டிங் சுருக்கம் கணக்கில் வராது.

பிரேக்கில் ஒரு எச்சரிக்கை. முன் சக்கரத்துப் பேக் பிளேட்டோடு முன் சக்கரத்துச் சிலிண்டரும் வரும். அப்படியே பின்னால் மாட்டக்கூடாது. முன் சிலிண்டர் 1 அங்குலம், பின் சிலிண்டர் முக்கால் அங்குலம் என்றால், பரப்பளவில் வித்தியாசம் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி பம்பரமாகத் திரும்பும். பின் சிலிண்டரின் அளவையே வைத்தோம். ஆயில் பாதையையும் முன், பின் என்று இரண்டாகப் பிரித்தோம். அந்த விபத்திலிருந்து கற்ற பாடம் அது.

பேரிங் இறுக்குவது கைப்பக்குவம். ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, ரோலர்கள் உட்கார்ந்ததும் தளர்த்தி, டயல் கேஜில் மிகச் சிறிய அசைவு தெரிகிற அளவில் நிறுத்தி, பூட்டு வாஷர் போட்டு, வெளி நட்டை இறுக்கி, வாஷரை மடிக்க வேண்டும். வெளி நட்டை இறுக்கியதும் மறுபடி அளக்கவேண்டும், ஏனென்றால் மரையில் இருக்கிற இடைவெளி அப்போதுதான் மூடும். டேப்பர் ரோலர் பேரிங்குக்கு ஹென்றி டிம்கன் 1898ல் காப்புரிமை வாங்கினார். பாரத்தையும் பக்கவாட்டுத் தள்ளலையும் சேர்த்துத் தாங்குகிற அந்தப் பேரிங் இல்லாவிட்டால் முழு மிதவையே இந்த உருவத்தில் வந்திருக்காது.

இன்னொன்று, தண்ணீர். ஓடி ஓடிச் சூடான அச்சு ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கும். காற்று வெளியேறும் குழாய் அச்சின் மேலேயே இருந்தால் அது தண்ணீரைத்தான் உறிஞ்சும். ஒரு ரப்பர் குழாயைப் போட்டு அதை டிரைவர் சீட் உயரத்துக்குக் கொண்டுபோனோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ. மழை கொட்டியதே, அந்த வாரம் தோட்டம் முழுக்கச் சேறு. தண்ணீர் வடிந்த பிறகு அச்சின் ஆயிலை இறக்கிப் பார்த்தோம். தண்ணீர் கலந்தால் ஆயில் மோர் மாதிரி ஆகிவிடும். ஆகவில்லை.

முறிந்தும் நின்றது

எல்லாம் முடிந்து வண்டி ஓடத் தொடங்கிய இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு தண்டு முறிந்தது. ஆமாம், புதுத் தண்டுதான். சேற்றில் வேகமாகச் சுழன்ற சக்கரம் ஒரு பாறையைத் திடீரென்று பிடித்தது. டயர்தான் ஃபியூஸ் என்று கணக்குப் போட்டோமே, அது மெதுவாக ஏறுகிற பாரத்துக்கு. சுழற்சி வேகத்தில் இருக்கிற சக்தி ஒரே நொடியில் வந்தால் கணக்கு வேறு. முறிந்த முகம் முழுதும் ஒரே நிறம், கோடு கோடாக எதுவும் இல்லை. சோர்வு அல்ல, அதிர்ச்சி.

அன்றைக்கு என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. சக்கரம் இருந்த இடத்தில் இருந்தது. பிரேக் பிடித்தது. வண்டியை முன் சக்கர இழுவையில் மேட்டுக்குக் கொண்டுவந்து, ஆறு போல்ட் கழற்றி, உள்ளே நின்ற துண்டைக் கம்பிக் கொக்கியால் எடுத்து, இன்னொரு தண்டைச் செருகினார்கள். அன்று வண்டியில் இருந்தது காலை முறித்துக்கொண்ட அதே மனிதர். "சத்தம் கேட்டுச்சு, வண்டி நின்னுச்சு, இறங்குனேன்" என்று மூன்று வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டார். எங்களுக்கு வேறு சான்றிதழ் வேண்டியிருக்கவில்லை.

ஒன்றை மட்டும் அவருக்கு அழுத்திச் சொல்லியிருந்தோம். பழைய ஜீப்புகளில் கைப்பிரேக், சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் தண்டில் இருக்கிறது. ஒரு ஆக்ஸில் தண்டு முறிந்தால் டிஃபரன்ஷியல் சும்மா சுழலும், பின் இழுவையில் கைப்பிரேக்குக்குப் பிடிமானமே இருக்காது. முழு மிதவை இதைச் சரிசெய்யாது. அதனால் தேருக்கு முட்டுக்கட்டை போடுவதுபோல் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டுத்தான் கீழே குனியவேண்டும். இரண்டு கட்டைகள் அந்த வண்டியில் எப்போதும் கிடக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவான வண்டியைத் தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறாக மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. எங்கள் வண்டி தோட்டத்து வேலியைத் தாண்டுவதில்லை. இதைக் கேட்டுவிட்டு யாரும் ரோட்டில் ஓடுகிற வண்டியைக் கழற்றிவிட வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்

பஸ், லாரி, உதிரிபாகம் என்று பெரிய தொழில் குடும்பத்தை உருவாக்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1877ல் பிறந்தது நம் திருக்குறுங்குடியில். களக்காட்டுக்குப் பக்கத்து ஊர். இந்த மண்ணுக்கு வண்டி வேலை புதிதல்ல. பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்த கைகள், லேத் அண்ணாச்சிகள், வெல்டிங் கடைக்காரர்கள் எல்லோரும் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்களிடம் கைப்பக்குவம் இருக்கிறது. விரிசலைப் பார்க்கிற கருவி இல்லை. நம்மிடம் கருவி இருக்கிறது. அது கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை நம் மெக்கானிக்கல் பட்டறையைத் திறந்துவைப்போம். சுற்றுப்பட்டி மெக்கானிக்குகள் டிராக்டர் இருசு, ஜீப் தண்டு, ஸ்டியரிங் கம்பி எது வேண்டுமானாலும் கொண்டுவரட்டும். மாணவர்கள் சாயச் சோதனை செய்து, விரிசல் இருந்தால் வட்டம் போட்டுக் கொடுக்கட்டும். செலவு சாயத்துக்கும் துணிக்கும்தான். முதல் ஆண்டுக்கான சாயத்தை எங்கள் வகுப்பு வாங்கித் தருகிறது. வகுப்பு நண்பர்களிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பு பொறுப்பேற்றால் போதும்.

மாணவர்களுக்கும் அதில் லாபம் உண்டு. விரிசலைப் புத்தகப் படத்தில் பார்ப்பது வேறு. அந்தத் தண்டைக் கொண்டுவந்த மனிதர் எதிரில் நின்றுகொண்டு "இதை மாட்டலாமா, கூடாதா?" என்று கேட்கும்போது பார்ப்பது வேறு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகவேண்டும். நம்மை இங்கே படிக்கவைத்தது அதற்குத்தான்.